கண்மாய் மண்ணுக்குள்ள தூங்குறதுகளையும் கொஞ்சம் எழுதுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் சிவகங்கை மாவட்டத்துக்காரன், சொந்தமா டிராக்டர் ஓட்டுறேன், கொஞ்சம் விவசாயமும் இருக்கு. உங்க பேப்பரை ரொம்ப வருஷமா டீக்கடையில ஓசியிலதான் படிச்சேன், பொண்ணு எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சப்புறம்தான் வீட்டுக்கே போடச் சொன்னேன். போன வாரம் சிறுவர் பக்கத்துல குளிர் நாட்டுக் கரடி பனிக்காலம் பூரா எப்படிச் சாப்பிடாம கொள்ளாம தூங்குதுன்னு போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு, படமும் அழகு. ஆனா கடைசியில "நம்ம ஊர் வெயிலுக்கு எந்த விலங்குக்கும் இந்த நீண்ட தூக்கம் தேவைப்படாது"ன்னு ஒரு வரி வருது பாருங்க, அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறல. ஏன்னா அப்படித் தூங்குறதை நானே என் கையால தோண்டி எடுத்திருக்கேன், அதுவும் ஒண்ணு ரெண்டு இல்ல.

ஏழாவது படிக்கிற என் பொண்ணு அதைப் படிச்சுட்டு "அப்பா நம்ம மலையில இருக்கிற கரடியும் தூங்குமா"ன்னு கேட்டா, நானும் பெரிய இவனாட்டம் "தூங்கும்"னு சொல்லிட்டேன். மறுநாள் அவ சயின்ஸ் மிஸ்கிட்ட கேட்டுட்டு வந்து என் மானத்தை வாங்கிட்டா. நம்ம காட்டுக் கரடிக்கு கரையான், எறும்பு, பழம், தேன்னு வருஷம் பூரா ஏதாச்சும் கிடைச்சுக்கிட்டே இருக்கும், அதனால அதுக்கு அந்தத் தூக்கம் கிடையாதாம். அது வரைக்கும் நீங்க சொன்னது சரி. ஆனா கரடி தூங்கலைன்னா யாருமே தூங்கலைன்னு ஆயிடுமா?

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, வைகாசி மாசம். எங்க கண்மாய் மாசிக்கே வத்திப்போச்சு. தாலுகா ஆபீஸ்ல பர்மிட் வாங்கி எல்லாரும் வயலுக்குக் கரம்பை, அதான் கண்மாய் அடியில படியிற வண்டல் மண்ணு, அடிச்சுக்கிட்டு இருந்தோம், உள்வாயில ஜேசிபி நிக்குது, பின்னாடி ஏழெட்டு டிராக்டர் வரிசை, ஆளுக்கு இத்தனை நடைன்னு கணக்கு. மடைக்குப் பக்கத்துல பள்ளமான இடத்துலதான் மண்ணு கருகருன்னு வெண்ணெய் மாதிரி இருக்கும், அதுக்குத்தான் போட்டி. மேல பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும், வெடிப்புக்குள்ள கையை விட்டா முழங்கை வரைக்கும் போகும், ஆனா அடியில தோண்டினா ஈரம் இன்னும் சாகாம இருக்கும். ஜேசிபி பக்கெட் இறங்கி ஏறுச்சு, ஒரு பாளம் உருண்டு வந்து என் டயர்கிட்ட விழுந்து உடைஞ்சுது, உள்ள ஒரு கல்லு. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. காலால தள்ளிப் பார்த்தேன், கல்லு கனம் இல்ல. திருப்பிப் போட்டேன், அடிப்பக்கம் வெள்ளையா இருக்கு, தலையும் இல்ல காலும் இல்ல, பின்னங்கால் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு பக்கமும் தோல் மடிப்பு வந்து கச்சிதமா மூடியிருக்கு, பெட்டிக்கடைக்காரர் ராத்திரி பலகையைச் சாத்திட்டுப் போன மாதிரி.

ஜேசிபி ஓட்டுற தம்பி மேல இருந்து கத்துறான், "அண்ணே ஆமைண்ணே, தூக்கித் தூரப் போடுங்க, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது". வரிசையில நின்ன இன்னொருத்தர் "ஏப்பா போடுற, எங்கிட்ட குடு, கறி நல்லா இருக்கும்"ங்குறார். எங்க பக்கம் அதைப் பால் ஆமைன்னு சொல்வாங்க. மூச்சு இருக்கா இல்லையான்னே தெரியல. டிராக்டர்ல கிடந்த சாக்கை நனைச்சுச் சுத்தி சீட்டுக்கு அடியில வச்சேன், ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்க்கையில மூடியைத் திறந்துக்கிட்டு ஒரு காலு மெதுவா வெளிய வந்துச்சு, அப்புறம் மூக்கு, குழல் மாதிரி ஒரு சின்ன மூக்கு, அப்புறம் கண்ணு, பாதி திறந்த கண்ணு. அன்னைக்கு அது எனக்கு ஒரே சந்தோஷம். ஆமையைக் காப்பாத்திட்டோம்னு கொண்டு போய் எங்க கிணத்துல விட்டேன், கிணத்துல ஆமை கிடந்தா தண்ணி சுத்தமா இருக்கும்னு எங்க அப்பா காலத்துல இருந்து சொல்றதுதானே.

ஆனா கதை அதோட முடியல. மறுநாள் வயல்ல கொட்டின கரம்பையைப் பரப்பும்போது குவியலுக்குள்ள இன்னும் ரெண்டு. ஒண்ணு பக்கெட் பல்லு பட்டு ஓடு பிளந்து கிடந்துச்சு, அது அப்பவே போயிருக்கும். இன்னொண்ணு மேல ஒரு கீறல் இல்ல, மல்லாக்க விழுந்து, கழுத்தை நீட்டித் திரும்பப் பார்த்து முடியாம, முந்தின நாள் பூரா அந்த வெயில்ல கிடந்திருக்கு. காக்கா கண்ணைக் கொத்திருச்சு. இதை என் பொண்ணுகிட்ட நான் சொல்லல. இப்பதான் எழுதுறேன், எப்படியும் படிப்பா.

அதுக்கப்புறம்தான் இது ஏன் இப்படி மண்ணுக்குள்ள போய் ஒளியுது, என்ன பண்ணுது உள்ளன்னு செல்போன்ல தேடித் தேடிப் படிச்சேன், பொண்ணோட மிஸ்ஸும் நிறைய சொல்லிக் கொடுத்தாங்க. நாம தூக்கம்னு சொல்றோமே தவிர அது தூக்கமே இல்ல. நீறு பூத்த நெருப்புன்னு சொல்வோம்ல, அதேதான். அடுப்பை அணைக்கிறதும் இல்ல, எரிய விடுறதும் இல்ல, தணலைச் சாம்பல் போட்டு மூடி வைக்கிறது, காலையில ஊதினா பத்திக்கணும் ஆனா ராத்திரி பூரா விறகு செலவாகக் கூடாது. அலாஸ்காவுல ஊருக்குள்ள வந்து தொல்லை கொடுத்த கருங்கரடிகளைப் பிடிச்சு, காட்டுக்குள்ள மரப்பெட்டி மாதிரி செயற்கைக் குகை வச்சு, கேமரா எல்லாம் மாட்டிப் பார்த்து 2011ல எழுதியிருக்காங்க. நிமிஷத்துக்கு 55 தடவை துடிக்கிற இதயம் 14 தடவைக்கு இறங்கிருது, உடம்பு எரிக்கிற சக்தியோட மொத்தச் செலவு நாலுல ஒரு பங்காகிருது, ஆனா உடம்புச் சூடு மட்டும் கொஞ்சம்தான் குறையுது. அஞ்சு மாசம் ஏழு மாசம் தின்னாம குடிக்காம ஒண்ணுக்குக் கூட போகாம. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, எந்திரிச்சு வெளிய நடமாட ஆரம்பிச்சும் ரெண்டு மூணு வாரம் வரைக்கும் உள்ள செலவு பாதி அளவுலதான் ஓடுதாம். கண்ணு முழிச்சுட்டாலே முழுசா எந்திரிச்சாச்சுன்னு அர்த்தம் இல்ல. என் சீட்டுக்கு அடியில இருந்த ஆமையோட பாதிக் கண்ணு இப்பவும் ஞாபகத்துக்கு வருது.

அலாஸ்காவுலயே ஆர்க்டிக் தரை அணில்னு ஒண்ணு, கரடியெல்லாம் அதுகிட்ட பிச்சை வாங்கணும். அதோட உடம்புச் சூடு சைபருக்கும் கீழ மைனஸ் 2.9 டிகிரி வரைக்கும் போகுதுன்னு 1989லயே அளந்திருக்காங்க, ஆனாலும் ரத்தம் உறையிறதில்ல. அவ்வளவு சிக்கனமா கிடக்கிறது ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் நடுங்கி நடுங்கி உடம்பைச் சூடாக்கி முழிச்சு, ஒரு நாள் கூட ஆகறதுக்குள்ள மறுபடி குளிருக்குள்ள இறங்கிருமாம். அந்த முழிப்புதான் செலவே. குளிர்காலம் பூரா கரையிற கொழுப்புல பெரும்பங்கு இப்படி முழிக்கிறதுலதான் போகுது. எங்க அம்மா குதிருல நெல்லு அடியைத் தொட்டப்புறம் ஒரு வேளை கஞ்சி காய்ச்சி ஓட்டுவாங்க, அந்த நேரம் பார்த்து சொந்தக்காரங்க நாலு பேரு வந்து இறங்கினா என்ன ஆகும், ஒரே நாள் சோத்துல பத்து நாள் கஞ்சி போயிரும். அந்த மாதிரி. வருஷா வருஷம் வர்ற முழிப்புக்கு அணில் முன்னாடியே கணக்குப் போட்டுத்தான் கொழுப்பு சேர்த்து வைக்குது, கணக்குல இல்லாத முழிப்புதான் ஆளைக் கொல்லுது.

இது ஏதோ நான் அடிச்சு விடுறதுன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல ஒரு குகையில 2006ல வௌவாலுங்க மூக்குல வெள்ளையா பூஞ்சை படிஞ்சிருக்கிறதைப் பார்த்தாங்க. அந்தப் பூஞ்சை தோலை அரிக்குது, வௌவாலு திரும்பத் திரும்ப முழிக்குது, வெளிய பனி, ஒரு பூச்சி கிடையாது, சேர்த்து வச்ச கொழுப்பு வசந்தம் வர்றதுக்குள்ள தீர்ந்துபோகுது. லட்சக்கணக்குல செத்து விழுந்துச்சுங்க. பூஞ்சையில செத்துச்சுன்னு சொல்லலாம், ஆனா பட்டினியும் சேர்ந்துதான் கொன்னுச்சு. தூங்குறதைக் கொல்ல அடிக்கணும்னு இல்ல, நேரம் கெட்ட நேரத்துல எழுப்பி விட்டாலே போதும்.

சரி, அதெல்லாம் பனி. வெயிலுக்கு வருவோம், உங்க கடைசி வரிக்கு வருவோம். மடகாஸ்கர்ல கொழுத்த வாலோட ஒரு குட்டி லெமூர் இருக்கு, குரங்குக்குத் தூரத்துச் சொந்தம். அங்க பனியே கிடையாது, வறண்ட காலத்துல தின்ன ஒண்ணும் இருக்காது, அவ்வளவுதான். அது மரப்பொந்துக்குள்ள ஏழு மாசம் கிடக்குது, வாலுல சேர்த்த கொழுப்புதான் சாப்பாடு. பொந்து பகல்ல சூடாச்சுன்னா அதோட உடம்பும் சூடாகும், ராத்திரி குளிர்ந்தா கூடவே குளிரும், பொந்து எப்படியோ உடம்பு அப்படின்னு விட்டுருது. 2004ல இதை எழுதும்போது உலகமே ஆச்சரியப்பட்டுச்சாம், வெப்ப நாட்டுல கூட இப்படியான்னு. எங்க ஊர்ல கேட்டிருந்தா நத்தையைக் காட்டியிருப்போம்.

சின்ன வயசுல நாங்க விளையாடினதே இதுதான் சார். கோடை உழவு ஓட்டும்போது கலப்பையில மண்ணோட நத்தை புரண்டு வரும், ஊமச்சின்னு சொல்ற பெரிய கண்மாய் நத்தை, வாசல்ல ஒரு கெட்டி மூடியைப் போட்டு இறுக்கி அடைச்சிருக்கும், நகத்தால நெம்பினாலும் வராது. அதைக் கொண்டு வந்து வாளித் தண்ணியில போட்டுட்டு யாரு நத்தை முதல்ல திறக்கும்னு பந்தயம். கொஞ்ச நேரம் கல்லு மாதிரி கிடக்கும், அப்புறம் ஒரு காத்துக்குமிழி விடும், மூடி ஒரு நூல் அளவு விலகும், அப்புறம் கொம்பு. அது மாசக்கணக்கா அந்த மூடிக்குள்ள காத்தை மட்டும் சுவாசிச்சுக்கிட்டுக் கிடந்துச்சுன்னு அப்ப யாருக்குத் தெரியும். தண்ணிக்கு ஒரு செவுள், காத்துக்கு ஒரு நுரையீரல்னு ரெண்டுமே வச்சிருக்கு அது, நம்மகிட்ட ஒண்ணுதான் இருக்கு.

பனியை விட வெயில் தூக்கம்தான் கஷ்டம்னு நான் சொல்வேன். குளிர்ல உடம்பு குளிர்ந்தாலே செலவு தானா குறையும். ஆமை, தவளை மாதிரி வெளிச்சூட்டோட ஏறி இறங்குற உடம்புக்கு பத்து டிகிரி கூடினா செலவு ரெண்டு மடங்குக்கு மேல ஏறிரும். நாப்பது டிகிரி வெயில்ல செலவைக் குறைச்சுக்கிட்டு இருக்கணும்னா வேற வழியே இல்ல, ஆழமா போகணும், மேல மண்ணு வாணலி மாதிரி காய்ஞ்சாலும் அடியில சூடு ஏறாத இடமா பார்த்துப் போகணும். அதோட பெரிய கணக்கு கொழுப்பு இல்ல, தண்ணி. பசியைக் கூடத் தாங்கும், காய்ஞ்சு போனா போச்சு. ஆஸ்திரேலியாவுல ஒரு தவளை, மூத்திரப்பையில தண்ணியை நிரப்பிக்கிட்டு மண்ணுக்குள்ள இறங்கி, உரிச்ச தன் தோலையே உறை மாதிரி போர்த்திக்கிட்டுக் கிடக்குமாம், அங்க இருக்கிற பழங்குடி மக்கள் தாகத்துக்கு அதைத் தோண்டி எடுத்துப் பிழிஞ்சு குடிச்சிருக்காங்க. ஆப்பிரிக்காவுல நுரையீரல் மீன்னு ஒண்ணு, சளியால கூடு கட்டி சேத்துக்குள்ள வருஷக்கணக்குல கிடக்கும். எல்லாத்துக்கும் ஒரே கணக்குதான், மழை வர்ற வரைக்கும் கையில இருக்கிறது தாங்கணும்.

இப்ப என் வயல்ல மல்லாக்கக் கிடந்த அந்த ரெண்டாவது ஆமையை நினைச்சுப் பாருங்க. ஈரத்துலயும் நிழல்லயும் ஐப்பசி வரைக்கும் ஓட்டலாம்னு போட்ட கணக்கு, அதை நான் ஒரு நடை கரம்பைக்காக வைகாசி வெயில்ல கொட்டிட்டேன். டிப்பர்ல போற மண்ணுல இன்னும் எத்தனை போகுதோ, ரோட்டு வேலைக்குப் போறதுல எல்லாம் யாரு பரப்பிப் பார்க்கப் போறா.

நம்ம பெரியவங்களுக்கு இது தெரியாம இல்ல. நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்றோமே, வாயைக் குடுத்து மாட்டிக்கிறவனைத் திட்டத்தான் இன்னைக்குப் பயன்படுத்துறோம், நானே நுணல்னா என்னன்னு தெரியாமத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். மணலுக்குள்ள முழுகி யார் கண்ணுக்கும் தெரியாமக் கிடக்கிற தவளை அது. கத்தினாத்தான் இடம் தெரியும், தெரிஞ்சா பிடிச்சிருவாங்க. அப்படின்னா அது சும்மா இருந்தா உயிரோட இருக்கும்னு அந்தக் காலத்துலயே கவனிச்சிருக்காங்க. நம்ம ஜேசிபிக்கு அது வாயைத் திறக்கணும்னே அவசியம் இல்லாமப் போச்சு, அதுதான் வித்தியாசம். மழையோட தவளையும் வானத்துல இருந்துதான் விழுதுன்னு நாங்க சின்னப்பிள்ளையில நம்பினோம், ஏன்னா நேத்து வரைக்கும் ஒண்ணு கூட இல்ல, ஒரு மழை பேஞ்ச ராத்திரி கண்மாய் பூரா சத்தம், காலையில போய் பார்த்தா எலுமிச்சை மஞ்சள்ல பெரிய பெரிய தவளை, தாடைக்கு ரெண்டு பக்கமும் நீலமா பலூன் ஊதிக்கிட்டு. அத்தனையும் நம்ம காலுக்குக் கீழதான் இருந்திருக்கு. பாதாளத் தவளைன்னு நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில ஒண்ணு இருக்கு, 2003ல உலகத்துக்குச் சொன்னாங்க, வருஷத்துல சில நாள்தான் வெளிய வரும். அதையும் இதோட சேர்த்துப் பேசுறாங்க, ஆனா அது கணக்கே வேற, அது கீழ தூங்கல, கரையானைத் தின்னுக்கிட்டு ஜோரா குடித்தனம் பண்ணுது.

ஆமைக்காக கண்மாயைத் தூர்வாராம விட முடியுமான்னு எங்க ஊர்லயே கேட்டாங்க, சிரிக்கவும் சிரிச்சாங்க. விட முடியாது, விடவும் கூடாது. மண்ணு மேடு தட்டிப்போனா தண்ணி நிக்காது, தண்ணி நிக்கலைன்னா ஆமைக்கும் இல்ல எனக்கும் இல்ல. அள்ளுங்க, ஆனா மேடான ஓரத்துல இருந்து ஆரம்பிங்க, மடைப் பள்ளத்து ஈரமண்ணைக் கடைசியா வச்சுக்கோங்க, அதுலயும் ஒரு மூலையை அந்த வருஷம் தொடாம விட்டா ஒண்ணும் குடி முழுகிப் போகாது. ராத்திரி லைட்டு போட்டு அள்ளுறதை மொதல்ல நிறுத்தணும், பகல்லயே கல்லா ஆமையான்னு தெரியல, ராத்திரியில என்னத்தைத் தெரியும். பக்கெட்டுக்கு முன்னாடி ஒரு ஆள் நின்னு பார்க்கட்டும், நாள் கூலி எவ்வளவு வந்துரப் போகுது, டிராக்டர்காரங்க நாங்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் குடுக்குறோம். கிடைச்சா வெயில்ல வச்சு போட்டோ எடுக்காம, ஈரச் சகதியோட ஒரு அண்டாவுல நிழல்ல வச்சுட்டு வனத்துறைக்கு ஒரு போன். பால் ஆமை 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் பட்டியல்ல இருக்கு, புலி, யானை இருக்கிற அதே பட்டியல். கறி நல்லா இருக்கும்னு சொன்னவருக்கு இதைச் சொன்னப்புறம் அந்தப் பக்கமே வரல.

முக்கியமா கிணத்துல மட்டும் விட்டுறாதீங்க, நான் பண்ண தப்பு அது. கல்லு கட்டின நாப்பதடிக் கிணறு, தண்ணி இருக்கும், ஏறி உக்கார ஒரு கரை இருக்காது, மண்ணு இருக்காது, முட்டை வைக்க இடம் இருக்காது. அது காப்பாத்துறது இல்ல, ஜெயில். ஒன்றரை வருஷம் அப்படியே கிடந்துச்சு பாவம், மோட்டார் போடப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன், மூக்கை மட்டும் நீட்டிட்டு உள்ள போயிரும். போன ஐப்பசியில கண்மாய் மறுகால் பாய்ஞ்சப்போ மனசு பொறுக்காம ஒரு மூங்கில் கூடையில கயிறு கட்டி, உள்ள ரெண்டு கெண்டையைப் போட்டு இறக்கினேன். மூணு நாள் ஆச்சு அது கூடைக்குள்ள ஏற, அதுக்குள்ள கெண்டை நாறிப்போய் வீட்டுல வசவு. நாலாவது நாள் கரையில வச்சதும் நாங்க நிக்கிறதைக் கூடப் பார்க்காம விறுவிறுன்னு நடந்து தண்ணிக்குள்ள இறங்கிருச்சு. பொண்ணு டாட்டா காட்டினா.

மறுபடி கோடை வருது, மறுபடி பர்மிட் குடுப்பாங்க, மறுபடி நானும் வரிசையில நிப்பேன், கரம்பை இல்லாம என் வயலுக்கும் ஆகாது. அதுக்கு முன்னாடி பெரியவங்க பக்கத்துல இதைப் பத்தி ஒரு நாலு வரி போடுங்க, பர்மிட் குடுக்குற பேப்பர்லயே ஒரு வரி அச்சடிச்சுக் குடுக்கச் சொல்லி எழுதுங்க. அப்படியே சிறுவர் பக்கத்துல அந்தக் கடைசி வரிக்கு ஒரு திருத்தமும். வெட்டி ஒட்டுறதுக்குப் பொண்ணு நோட்டுல ஒரு பக்கம் காலியா விட்டு வச்சிருக்கா, கரடிப் படத்துக்கு எதிர்ப் பக்கம்.

இப்படிக்கு,
ஒரு டிராக்டர்காரர்,
சிவகங்கை மாவட்டம்.